மூன்று மணி ஆனால் சிரிக்க வேண்டும்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அந்த விளையாட்டை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அலுப்பில் தானாக முளைத்தது. மடித்த படுக்கை விரிப்பைச் சுமந்துபோய் அலமாரியில் வைக்காமல், நின்ற இடத்திலிருந்தே எறிவது. குறி தவறியவள் செலவில்தான் அன்றைய டீ. ஜெயிக்க வேண்டுமே என்று, அதிகம் துணி கேட்கும் வார்டின் அலமாரியை மேசையோரம் இழுத்துப் போட்டாள் ஒட்டடைக்குச்சி. உயரத்துக்குக் கிடைத்த பட்டம் அது. அவளோடு ஒரே டப்பாவில் சாப்பிடும் சோடாபுட்டி மற்ற அலமாரிகளையும் இடம் மாற்றினாள். சாயங்காலம் வரை இழுத்த வேலை மூன்று மணிக்கே முடிந்தது.

விதி யாரை விட்டது? பயிற்சி முகாமுக்குப் போய்த் திரும்பிய மேலாளர் ஒருநாள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். திட்டியிருந்தால் பிழைத்திருப்பார்கள். மனிதர் கைதட்டினார்.

"இதைத்தான் அங்க படம் போட்டுக் காட்டினாங்க! விளையாட்டுலதான் புதுமை பிறக்குது. யாரும்மா ஆரம்பிச்சது?"

மறுநாள் ஒட்டடைக்குச்சி விளையாட்டுப் பொறுப்பாளர். கழுத்தில் விசில், நெஞ்சில் அட்டை, சம்பளம் பழையதே. மூன்று மணி அடித்தால் எல்லோரும் விளையாட வேண்டும். துணியை எறிவது சுகாதாரக் கேடு, ஆகவே பஞ்சு உருண்டை. துணியைச் சுமந்தே வைத்ததில் வேலை பழையபடி சாயங்காலம் வரை இழுத்தது. குறி தவறினால் டீ வாங்கித் தர வேண்டாம்; அது 'கற்றல் வாய்ப்பு'. விளையாட்டு நேரத்தில் வேலை செய்வது ஒழுங்கீனம், வேலையே போகும் என்று சுவரில் ஒட்டினார்கள்.

வாரக்கடைசியில் மேலாளர் கேட்டார்: "மனசாரச் சிரிக்காதவங்க யாரு? ஒரு பேராவது சொல்லு."

நம்மவள்தானே, கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று சோடாபுட்டியின் பேரைச் சொல்லிவைத்தாள் ஒட்டடைக்குச்சி. சோடாபுட்டிக்குத் தினமும் அரைமணி கூடுதல் சிரிப்புப் பயிற்சி விதிக்கப்பட்டது. அதிலிருந்து அவள் தனி டப்பா கொண்டுவந்தாள். எதிரே வந்தால், "வாங்க மேடம்." அவ்வளவுதான் பேச்சு. அந்த மரியாதை ஊசி போல இறங்கியது.

அப்புறம், விசில் ஊதினால் ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். தேடிப்போய்ப் பின்னறைக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். உள்ளே களவாக வேலை செய்துகொண்டிருந்தார்கள்! வகுப்பில் ஒளித்து மிட்டாய் தின்னும் பிள்ளைகளைப் போல வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பு வேறு. சோடாபுட்டி தலையணை உறையைத் தலையில் மாட்டி, "கற்றல் வாய்ப்பும்மா, கற்றல் வாய்ப்பு!" என்று மேலாளர் நடை நடந்தபடி விரிப்புகளை எறிந்தாள். இவளுக்கும் சிரிப்பு முட்டியது. எந்த முகத்தோடு உள்ளே போவது? கதவுக்கு இந்தப் பக்கம் அவளும் பஞ்சு உருண்டைகளும்தான்.

பின்னால் ஷூச் சத்தம்.

"எங்கம்மா எல்லாரும்?" என்றார் மேலாளர்.

சொன்னால் அவர்கள் பிழைப்பில் மண். சொல்லாவிட்டால் இவள் பிழைப்பில்.

"கண்ணாமூச்சி சார். ஒளிஞ்சிருக்காங்க."

அவர் முகம் பூவாய் மலர்ந்தது. "பிரமாதம்! நானே கண்டுபிடிக்கிறேன். நீயும் போய் ஒளிஞ்சுக்கோ, ஓடு!" சலவை இயந்திரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உரக்க எண்ண ஆரம்பித்தார்.

அவள் பின்னறைக்குள் பாய்ந்து கதவைச் சாத்தினாள். "ஒளிங்கடி, தேடிக்கிட்டு வர்றாரு!" விளக்கு அணைந்தது. ஆளுக்கொரு துணிக்குவியலுக்குப் பின்னால் மறைந்தார்கள். இவளுக்குக் கிடைத்தது தள்ளுவண்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. அங்கே ஏற்கெனவே சோடாபுட்டி இருந்தாள்.

மேலாளர் நேர்மையாகத் தேடினார். மேசைக்கடியில் தேடினார், கிடங்கில் தேடினார். வேலை நேரம் முடிந்து மணியும் அடித்தது. யாராலும் வெளியே போக முடியவில்லை. மடித்து அடுக்கிய விரிப்புகள் மலையாக நின்று காட்டிக்கொடுக்கும்.

"மாட்டி விட்டிருக்கலாமே, மேடம்," என்று இருட்டில் கிசுகிசுத்தாள் சோடாபுட்டி.

"தப்புதான்டி. உன் பேரைச் சொன்னது தப்புதான்."

ஷூச் சத்தம் கதவருகே வந்தது.

"காலை மடக்குடி, ஒட்டடை. பாதி கால் வெளிய நிக்குது."

முழங்கால் மோவாயில் இடிக்க மடக்கினாள். தோளோடு தோள் நெரிந்தது. மூச்சு விடவும் இடமில்லை. கதவுக்கு அப்பால் மேலாளரின் குரல் ஆனந்தமாய் ஒலித்தது:

"விட மாட்டேனே! நாளையிலிருந்து தினமும் இதுதான்!"