திரைக்குப் பின்னால் இரண்டு ஆம்ப்ளிஃபையர்

கிருபா டீச்சரின் ஆம்ப்ளிஃபையரைப் பார்த்ததும் சம்பத் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"இன்னுமா டீச்சர் இந்த வால்வு செட்டைக் கட்டிக்கிட்டு அழறீங்க? உலகமே டிரான்சிஸ்டருக்குப் போயாச்சு. இதைக் காயலான் கடைக்காரன்கூட எடுத்துக்க யோசிப்பான்."

எழுபத்து நான்காம் வருடம் அது. கீழ்க்கட்டளையில் சம்பத் வீட்டுக் கூடத்தில் ஞாயிறுதோறும் பாட்டுக் கேட்க நாலைந்து பேர் கூடுவார்கள். அவருடைய மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து புது டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர் கொண்டுவந்து கொடுத்ததிலிருந்து அங்கே வேறு பேச்சே இல்லை. போன வாரம் எல்லாரும் அதைப் புகழ்ந்து தள்ளியபோது, "நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னுது இதைவிட நல்லாப் பாடும்" என்று கிருபா சொல்லிவிட்டாள். தாம்பரத்துப் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் அவள். மூர் மார்க்கெட்டில் பழசாக வாங்கிய செட் அது.

"அப்போ கொண்டாங்க, பார்த்துடுவோம்" என்றார் சம்பத். அவளுடைய அண்ணன் தனசிங் தலையிலடித்துக்கொண்டே டாக்சியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான்.

"கண்ணால பார்த்தா புதுசுதான் ஜெயிக்கும்" என்றாள் கிருபா. "மறைச்சு வெச்சுக் கேட்போம் சார்."

கூடத்தின் குறுக்கே கெட்டியான ஜமக்காளம் ஒன்றைக் கட்டினார்கள். ஒரே ஸ்பீக்கர், ஒரே வீணை இசைத்தட்டு. கல்லூரியில் பௌதிகம் நடத்தும் சாம்பசிவன் இரண்டு செட்டிலும் சத்தத்தைச் சமமாகத் திருகிவைத்தார். எதை முதலில் போடுவது என்பது சம்பத்தின் மனைவி நாகலக்ஷ்மிக்கு மட்டும்தான் தெரியும். அவள் ஜமக்காளத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

முதல் செட் பாடியது. கூர்மை, சுத்தம், ஒரு இரைச்சல் கிடையாது. கிருபாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. என்னுடையது என்பதால்தான் இத்தனை நாள் உசத்தியாகத் தெரிந்ததோ?

பிறகு இரண்டாவது. மீட்டிய தந்தி அடங்கி அடங்கிக் கரைவது காதில் விழுந்தது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருந்தது. இதுதான் என்னுடையது என்று அவள் நிமிர்ந்தபோது, சம்பத் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"கேட்டீங்களா? இதான்யா என் செட்! இந்தக் குழைவு அந்தப் பழசுல வருமா?"

கிருபாவுக்குத் திக்கென்றது. இருவரில் ஒருவர் காது பொய் சொல்கிறது. மற்றவர்களும் இரண்டாவதற்கே கை தூக்கினார்கள்.

நாகலக்ஷ்மி ஜமக்காளத்தை விலக்கினாள். ஸ்பீக்கர் வயர் பழைய செட்டில் சொருகியிருந்தது. அதன் கண்ணாடி வால்வுகள் செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தன.

"நாகு, மாத்திக் கீத்தி வெச்சியா?"

"நான் ஏன் மாத்தறேன்? நீங்கதானே குழைவுன்னு குதிச்சீங்க?"

"இன்னொரு தடவை போடு!"

போட்டாள். வரிசையை மாற்றியும் போட்டாள். ஒவ்வொரு தடவையும் சம்பத் பழசையே காட்டினார். கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"தோத்துட்டேன் டீச்சர். பேசாம என் புதுசை எடுத்துக்கிட்டு இதை எனக்குக் குடுத்துடுங்க."

சாம்பசிவன் திகைத்துப் பார்த்தார். தனசிங் ஆசையோடு தங்கையைப் பார்த்தான்.

"மாட்டேன் சார்" என்றாள் கிருபா. "உங்களுக்குக் கேட்கணும்னா அடுத்த ஞாயித்துக்கிழமை தாம்பரத்துக்கு வாங்க. இனிமே கச்சேரி எங்க வீட்டுலதான்."

"எல்லாரும் வர்றோம்!" என்று முதலில் சொன்னது நாகலக்ஷ்மி.

டாக்சியில் திரும்பும்போது சூடு ஆறாத செட்டைக் கிருபா மடியிலேயே வைத்துக்கொண்டாள். பல்லாவரம் தாண்டும்வரை வாய் மூடாமல் பாடிக்கொண்டே வந்தாள்; டாக்சிக்காரரும் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார்.