ஈரல் கறி

கண்டியில் கடைகள் எரியத் தொடங்கிய அன்று, தமிழர்களை முகாமுக்கு ஏற்றிப்போக வந்த லொறியில் விவேகானந்தன் மாஸ்டரால் ஏற முடியவில்லை. யூரிக் அமிலம் மூட்டில் படிந்து, கால் பெருவிரல் நெருப்பாய் வீங்கியிருந்தது. மனைவி மங்களேஸ்வரியும் அவருக்காக நின்றுவிட்டாள். அவர் இறைச்சி தின்னக்கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து ஒரு வருடமாக அவளும் இறைச்சியைத் தொட்டதில்லை.

பக்கத்து வீட்டு ஆஸியா உம்மா இருவரையும் தன் பின்னறையில் ஒளித்துவைத்தார்.

"நேத்து நல்லாத்தானே இருந்தீங்க மாஸ்டர்? வழமபோல ஈரல் கறிய ரெண்டு தரம் கேட்டு வாங்கித் தின்டீங்களே!"

மங்களேஸ்வரி கணவனைப் பார்த்தாள்.

"வழமபோலவோ?"

அவர் தன் கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே கூச்சல் நெருங்கியது. அதுவரை அவர் காலில் ஒற்றிக்கொண்டிருந்த ஈரத்துணியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, அவள் ஆஸியா உம்மாவின் அருகில் போய் அமர்ந்தாள்.