கீறல் விழுந்த பக்கம்

அசமானி தன் குடுவைகளைத் துடைத்துத் துடைத்து மரப்பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தான். மதியம் கழிவு வண்டியில் ஏறப்போகும் மருந்து அது. கொட்டப்போவதை யாராவது இப்படித் துடைப்பார்களா? ஆய்வுக்கூட வாசலில் நின்று செஃபாகோர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சிஸ்டர், சாவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிற?" என்றான் அவன். "துக்கத் துணியா கறுப்பும் சிவப்பும் கட்டிட்டு வந்திருக்கலாம்ல. கூட உக்காந்து அழுதிருப்போம்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

கானாவின் வோல்ட்டா ஏரியில் இறங்கி விளையாடும் பிள்ளைகளுக்குச் சிறுநீரில் ரத்தம் போகும். உடம்புக்குள் புகுந்த புழுவின் வேலை. மாத்திரை உண்டு, ஆனால் அப்படி ஒரு கசப்பு, பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடச் சுவரோரமே துப்பிவிடுவார்கள். அந்த மருந்தின் மூலக்கூறு இரண்டு வடிவங்களில் கலந்திருக்கிறது. நம் இரண்டு கைகளைப் போல, ஒன்றுக்கு மற்றது கண்ணாடி பிம்பம். இடக்கை வடிவம் புழுவைக் கொல்லும். வலக்கை வடிவத்தால் கசப்பைத் தவிர வேறு பயனில்லை. இரண்டையும் பிரித்து இடக்கையை மட்டும் கொடுத்தால் பிள்ளைகள் விழுங்குவார்கள் என்று அசமானி வருடக்கணக்காக உழைத்திருந்தான்.

பிரித்தெடுத்தது எந்தக் கை என்று சொல்வது செஃபாகோரின் வேலை. கண்ணாடிச் சில்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள், கொக்கி கொக்கியாக, வரிசை வரிசையாக. சில்லின் இடப் பாதியில் கொக்கிகள் இடப்பக்கம் வளைந்திருக்கும். வலப் பாதியில் வலப்பக்கம். மருந்தைச் சொட்டிவிட்டு ஒளியைப் பாய்ச்சினால், எந்தப் பாதியில் நிறம் அதிகம் நகர்கிறதோ அதுதான் மருந்தின் கை. சில்லைத் தலைமாற்றி வைத்துவிடாமலிருக்க அதன் வலது ஓரத்தில் வைர முனையால் ஒரு கீறல் போடுவார்கள். கீறல் எப்போதும் வலப்பக்கம். அந்தக் கூடத்தில் துப்புரவுக்கு வருகிறவருக்குக்கூட மனப்பாடமான விதி அது.

முந்தாநாள் அவள் அளந்தபோது அசமானியின் மருந்து 'வலது' என்று வந்தது. அப்படியென்றால் அவன் மருந்தைக் கொட்டிவிட்டுக் கசப்பைச் சேர்த்து வைத்திருக்கிறான்.

"நாக்குல வெச்சுப் பாத்தேன் மேடம், அந்தக் கசப்பு இல்லவே இல்ல" என்று அவன் பேராசிரியை மான்சாவிடம் கெஞ்சினான்.

"காலைல பச்சமிளகா அரைச்சு, கென்கி சோள உருண்டையோட தின்ன நாக்கு. அத நம்பிப் பிள்ளைங்களுக்குக் குடுக்கச் சொல்றியா?" என்றார் அவர். "செஃபாகோர் அளந்தா அளந்ததுதான். கொட்டிடு."

அந்த நம்பிக்கைதான் இப்போது செஃபாகோரை முள்ளாய்க் குத்தியது.

போன வாரம் மின்சாரம் போய் எல்லோரும் கிளம்பிவிட்ட சாயங்காலம், மிச்சமிருந்த சில்லுகளுக்குச் சன்னல் வெளிச்சத்தில் அவள் தனியாகக் கீறல் போட்டாள். தனியாக இருந்தால் அவளுக்கு இடக்கைதான் எழும். சமைக்க, தலை வார, எல்லாவற்றுக்கும். பிறர் முன்னால் அது மடியில் கிடந்து உறங்குவதுபோல் நடிக்கும். சிறு வயதில் மீன்காரியிடம் இடக்கையை நீட்டிவிட்டாள் என்று அம்மா அந்தக் கையில் மிளகாயை அரைத்துப் பூசினாள். எரிச்சல் ஒரு பொழுதில் அடங்கிவிட்டது. ஒளிக்கிற பழக்கம் தங்கிவிட்டது.

இடக்கையில் வைர முனை இருந்தால் கீறல் எந்த ஓரத்தில் விழும்?

நேற்றுக் காலை பல் துலக்கும்போது, பிரஷ்ஷைப் பிடித்திருந்த கையைப் பார்த்ததும் இந்தக் கேள்வி வந்தது. அதன்பிறகு சாப்பாடு இறங்கவில்லை. அன்று சாயங்காலம் கீறியவற்றில் மிஞ்சிய ஒரு சில்லில் சர்க்கரைக் கரைசலைச் சொட்டிப் பார்த்தால் போதும். சர்க்கரை வலது என்பது தெரிந்ததுதான். ஒவ்வொரு கட்டுச் சில்லுகளிலும் ஒன்றை அப்படிச் சோதிப்பது வழக்கம். ஆனால் சோதித்த அந்த முதல் சில்லுக்கு அவள் எல்லோர் முன்னாலும் வலக்கையால் கீறல் போட்டிருந்தாள்.

சில நிமிட வேலை. நேற்று முழுக்க அதற்கு நேரம் கிடைக்காமல் பார்த்துக்கொண்டாள். சோதிக்காதவரை வெறும் சந்தேகம்தானே, சந்தேகப்பட்டதற்கு யார் கேள்வி கேட்பார்கள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். விடை தெரியாதவள் இப்படிப் பயப்படமாட்டாள் என்பதும் அவளுக்குத் தெரிந்தேயிருந்தது.

வெளியே வண்டி ஹாரன் அடித்தது. கையுறை போட்ட ஆள் ஒருவன் உள்ளே வந்தான். அசமானி பெட்டியைத் தூக்கினான்.

"கீழ வை" என்றாள் செஃபாகோர்.

"என்னது?"

"பெட்டியக் கீழ வை, அசமானி. என் சில்லு தப்பா இருக்கலாம். மேடத்தக் கூப்பிடு."

மான்சா வந்தார். அவர் பக்கத்தில் நிற்க, அவள் மிஞ்சிய சில்லைக் கீறல் வலப்பக்கம் வரும்படி வைத்து, சர்க்கரைக் கரைசலைச் சொட்டினாள். திரையில் இடப் பாதியின் கோடு நகர்ந்தது.

"சர்க்கரை எப்பருந்து இடதாச்சு?" என்றார் மான்சா, மெதுவாக.

"கீறல் இடது ஓரத்துல விழுந்திருக்கு மேடம். சில்லு தலைமாறி உக்காந்திருக்கு. அசமானி மருந்தும் இடதாதான் இருக்கணும். இடது கையால போட்டேன். நான்... இடக்கைக்காரி."

"டாக்டரம்மாவுமா இடக்கை!" என்று வாசலுக்கு நகர்ந்து நின்றிருந்த அந்தக் கையுறை ஆள் வாயைப் பொத்திக்கொண்டான்.

"நீ வெளிய நில்லுப்பா" என்றார் மான்சா. பிறகு அவளிடம், "கை எதுவா இருந்தா எனக்கென்ன? எப்ப தோணிச்சு?"

"நேத்துக் காலைல."

"நேத்துக் காலைல" என்று அசமானி திருப்பிச் சொன்னான். "நேத்து மத்தியானம் என் அம்மாவுக்குப் போன் போட்டு, எல்லாம் போச்சும்மான்னு அழுதேன். நீ அடுத்த மேசைல உக்காந்து சூப்பு குடிச்சிட்டிருந்த."

"குடிக்கல. என்னால முடியல..."

"ஓ, குடிக்கலையா? ரொம்ப நன்றி."

மன்னிப்பு என்ற சொல் அவள் வாய்வரை வந்து, அங்கே சின்னதாய்ப் போய்விட்டது.

மான்சா வண்டியைத் திருப்பி அனுப்பப் போனார். அசமானி பெட்டியிலிருந்து ஒரு குடுவையை எடுத்து அவள் முன்னால் வைத்தான். அலமாரியிலிருந்து கீறல் போடாத புதுச் சில்லு ஒன்றையும் கொண்டுவந்தான்.

"போடு. மறுபடி அளப்போம்."

அவள் பழக்கத்தில் வைர முனையை வலக்கையில் எடுத்தாள்.

"அந்தக் கை வேணாம். எதுல தப்புப் பண்ணியோ அதுலயே போடு. பாக்கறேன்."

கை மாற்றினாள். அவன் குனிந்து பார்த்தான், சில்லை அல்ல, கையை. அதை இத்தனை அருகில் யாரும் பார்த்ததில்லை. மணிக்கட்டை மேசையில் ஊன்றி, வைர முனையைச் சில்லின் ஓரத்தில் வைத்தாள்.

"வலது ஓரம்" என்றாள் உரக்க.

அவன் தலையசைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான்.