உள்பக்கச் சிவப்பு நூல்

"ஏதாவது டவுட் இருக்கா?" என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்பேன். கிணற்றில் போட்ட கல் மாதிரி அந்தக் கேள்வி அப்படியே கிடக்கும். திரையில் பதினோரு கறுப்புக் கட்டங்கள். உள்ளே ஆள் இருக்கிறாரா, வெறும் நாற்காலி இருக்கிறதா என்றுகூடத் தெரியாது.

நான் தையல் ஆசிரியை. இருபத்திரண்டு வருடம் நேரில் சொல்லிக் கொடுத்தவள். இப்போது எங்கள் பயிற்சி நிலையம் வேலைக்குப் போகிற பெரியவர்களுக்காக ஆன்லைன் வகுப்பு தொடங்கியிருக்கிறது. பாடத்தை நான் போனில் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு எல்லோரும் திரையில் கூடிச் சந்தேகம் கேட்க வேண்டும். யார் கேட்டார்கள்?

நிர்வாகி கூப்பிட்டார். "யாருமே பேசலைன்னா வீடியோவே போதுமே, மேடம். நேரடி வகுப்பு எதுக்கு? வர்ற வெள்ளிக்கிழமை நானும் உக்காந்து பாக்கறேன். அப்புறம் முடிவு பண்ணலாம்."

முடிவு என்றால் என் வேலைதான். பயம் வந்தது. கோபமும் வந்தது. எனக்கு எது வந்தாலும் கூடவே கோபமும் வரும்.

அந்த வாரப் பாடம் ஆண்கள் சட்டை. தைத்து முடித்து, வெளிப்பக்கம் உள்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். குறை கண்டுபிடிக்கலாம் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். காலர் சரி, பட்டன் பட்டி சரி, பாக்கெட் சரி. ஆனால் பதினோரு சட்டையிலும் உள்பக்கம், இடது நெஞ்சு வருகிற இடத்தில், சிவப்பு நூலில் ஒரு சின்னப் பெருக்கல் குறி.

நான் அதைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. ஒருவர் லாரி ஓட்டுகிறார், ஒருவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், மற்றவர்களும் ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு வேலை. ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. பின்னே எப்படி ஒரே இடத்தில் ஒரே குறி? மண்டையைக் குடைந்தது. சாப்பிடும்போதும் அதே நினைப்பு.

பதினோரு பேரில் ஒருத்தி என் நாத்தனார். அடுத்த அறையில் உட்கார்ந்துதான் படிக்கிறாள். அவள் தைத்த சட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"இது என்னடி?"

"நூல், அண்ணி."

"நூல்னு எனக்குத் தெரியாதா? எதுக்கு இந்தக் குறி?"

அவள் சுவரைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள். நான் நகர்கிற மாதிரி இல்லை. கடைசியில் போனை நீட்டினாள். "படிச்சுக்கோங்க. ஆனா ஒரு வார்த்தை எழுதிடாதீங்க. நீங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சா எல்லாரும் ஓடிடுவாங்க."

எனக்குத் தெரியாமல் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். அடேயப்பா, என்ன பேச்சு! வகுப்பில் கல்லுளிமங்கனாக இருந்தவர்கள் இங்கே வாய் ஓயவில்லை. ஒருவர் தான் வெட்டிய காலரைப் படம் எடுத்துப் போட, நாலு பேர் திருத்தியிருந்தார்கள். லாரிக்காரர் சரக்கு இறக்குகிற இடைவெளியில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். அதைப் போட்டுக் கேட்டேன்.

"டீச்சர் வீடியோவப் பாத்து அப்படியே தைக்காதீங்க. அவங்க முன் கேமராவுல எடுக்கறாங்க. கண்ணாடியில பாக்கற மாதிரி இடதும் வலதும் மாறி வருது. நான் பழைய துணியில தைச்சுப் பாத்தேன், பாக்கெட் வலது பக்கம் வந்துடுச்சு. வீட்டுல சிரிச்சு மாளல. அதனால நம்ம இதயம் இருக்கற பக்கத்துத் துண்டுல மொதல்ல ஒரு சிவப்புக் குறி போட்டுக்கோங்க. டீச்சர் எதைக் காட்டினாலும், நீங்க குறியப் பாத்துத் தைங்க."

காது சூடானது. நான் வேறு "இந்தத் துண்டு, இந்தப் பக்கம்" என்றுதான் சொல்வேன். இடது வலது என்று சொல்கிற பழக்கமே கிடையாது.

'டீச்சர்கிட்டயே சொல்லிடலாமே' என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதற்கு நர்ஸின் பதில்: 'மொத வகுப்புல துணியோட நல்ல பக்கத்த, அதான் வெளிய தெரிய வேண்டிய பக்கத்த, எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு கேட்டேன். இதுகூடத் தெரியாம எதுக்குத் தைக்க வந்தீங்கன்னாங்க. இனிமே நான் வாயத் திறக்கறதா இல்ல.'

அதன் கீழே வரிசையாக அழுகிற முகங்கள். அதில் ஒன்று என் நாத்தனாருடையது.

சுருக்கென்றது. நான் அப்படிச் சொன்னது எனக்கு ஞாபகம்கூட இல்லை. வெட்கமாக இருந்தது. மறுநாள் முழுக்க உட்கார்ந்து, என் வீடியோவில் தெரிகிறபடியே ஒரு சட்டை தைத்தேன்.

வெள்ளிக்கிழமை. பன்னிரண்டாவது கட்டத்தில் நிர்வாகி. நான் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. சட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

"இன்னைக்கு எனக்குத்தான் டவுட். என் வீடியோவப் பாத்து நானே தைச்சேன். பாக்கெட் வலது பக்கம் வந்துடுச்சு. வீடியோவ எப்படிச் சரி பண்றதுன்னு தெரியல. யாராவது சொல்லித் தரீங்களா?"

நிர்வாகி ஏதோ எழுதிக்கொண்டார். என் கை வலித்தது, சட்டையை இறக்கவில்லை.

எங்கோ ஹாரன் கேட்டது. லாரிக்காரரின் கட்டம் திறந்தது. "டீச்சர், கேமரா செட்டிங்குக்குள்ள போங்க..."

"அதெல்லாம் வேணாம்ணே, பின் கேமராவுல எடுத்தாலே போதும்" என்றது இன்னொரு கட்டம்.

"ஸ்கிரீன் அந்தப் பக்கம் போயிட்டா, அவங்க எடுக்கறது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

கட்டங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முகங்கள், சமையலறைகள், ஒரு லாரி சீட்டு. ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் நடந்தது. நிர்வாகி பேனாவை மூடினார். "வெள்ளிக்கிழமை வகுப்பு இருக்கட்டும், மேடம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அதுவரை திறக்காமலிருந்த கட்டம் நர்ஸுடையது. இப்போது திறந்தது.

"டீச்சர், மொத வகுப்புல ஒண்ணு கேட்டேன்."

"தெரியும்மா. நான் பேசினது தப்பு. இப்பக் கேளுங்க."

"துணியோட நல்ல பக்கம் எது? குரூப்புல ஆளுக்கொண்ணு..." அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எனக்கு எதுவும் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டேன். "சில துணியில பளபளப்பப் பாத்துச் சொல்லிடலாம், சிலதுல டிசைனப் பாத்து. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா எனக்கும் தெரியாதும்மா. நாமே ஒரு பக்கத்த முடிவு பண்ணி, குறி போட்டுக்கணும்."

"என்ன குறி, டீச்சர்?"

"சிவப்பு நூல்ல போட்டா நல்லாத் தெரியும்" என்றேன். அடுத்த அறையில் என் நாத்தனாருக்குப் புரையேறியது.