முப்பத்தொன்றாவது மைதானம்

1

ஞாயிறு மதியம், மூன்று அடிக்க ஏழு நிமிடம். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அப்போதுதான். எங்கள் ஊரான வெஸ்டர்ஹாமின் கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு அணிகளும் வந்துவிட்டன. நடுவர் வரவில்லை.

கண்ணால் பார்த்ததை எழுதுவது சுலபம் என்று நினைத்தேன். ஐந்து முறை தொடங்கிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "கடலிலிருந்து வந்த காற்று கொடிக்கம்பத்தை..."

(காற்றால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. வேண்டாம்.)

இரண்டாவது: "மனைவியை இழந்த பிறகு டெட்லெஃப்..."

(அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. உங்கள் இரக்கத்தைக் குறுக்கு வழியில் வாங்கப் பார்த்தேன்.)

ஐந்தாவது: டெட்லெஃப் தபால்காரர். வேறு ஊர்க்காரர், எங்கள் ஊருக்கும் அவர்தான் தபால் கொண்டுவருவார். விடுமுறை நாளில் ஊர் ஊராகப் போய்க் கால்பந்து பார்ப்பார். எங்கள் மாவட்டத்தில் முப்பத்தொரு மைதானங்கள். முப்பது பார்த்தாயிற்று. பேருந்து ஓட்டுகிற பெண்மணி அல்மூடும் முப்பது. யார் முதலில் முடிப்பது என்று பத்து வருடமாகப் போட்டி.* எங்கள் மைதானம் புல் மாற்றுவதற்காக மூன்று வருடம் மூடிக்கிடந்தது. திறந்த அன்றே இருவரும் வந்து நின்றார்கள்.

இது போதும்.

* விதி: முதல் உதையிலிருந்து கடைசி விசில்வரை, கோட்டுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். விதியைப் போட்டவர்களும் இவர்கள் இருவர்தான்.

3

எங்கள் அணித்தலைவன் ஒன்னோ அடுப்பருகே வந்தான்.

"விசில் ஊதத் தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா? ரெண்டு ஊரையும் சேராத ஆளா வேணும்."

கூட்டத்தில் அப்படி இருந்தது இருவர்தான். அல்மூட் மிகக் கவனமாகத் தன் ரொட்டியில் கடுகுச் சாஸைத் தடவ ஆரம்பித்தார். எல்லாரும் டெட்லெஃபைப் பார்த்தார்கள்.

"நானா? நான் ஆட்டம் பார்க்க வந்தவன்ப்பா."

"நீங்க ஊதலேன்னா பார்க்க ஒண்ணுமே இருக்காதுண்ணே."

"ஊதுய்யா," என்றார் அல்மூட். "உனக்கும் சேர்த்து நான் பார்த்துக்கறேன்."

"பார்ப்ப, பார்ப்ப. பத்து வருஷமா இதுக்குத்தானே காத்திருந்த, தாயே."

மறுத்தால் ஆட்டம் இல்லை. சம்மதித்தால் கோட்டுக்கு உள்ளே நிற்க வேண்டும். மைதானம் அல்மூட் கணக்கில் சேரும், போட்டி முடியும்.

4

இந்த இடத்தில் எனக்கு டெட்லெஃப்மேல் சந்தேகம். ஏன் சம்மதித்தார்? "டெட்லெஃப் நல்ல மனம் படைத்தவர், ஆகவே..." என்று எழுதிப் பார்த்தேன். (எங்கள் வீட்டு நாயைக் காரணம் சொல்லி ஒரு மாதம் தபாலே தராதவர் அவர்.)

நான் பார்த்தது இவ்வளவுதான். எங்கள் கோல்கீப்பர் புதுப் புல்லின்மேல் காலை வைக்காமல், கோட்டுக்கு வெளியே நின்று மூன்றாம் முறையாகக் காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். டெட்லெஃப் அவனைப் பார்த்தார். பாதி தின்ற சாசேஜை என்னிடம் நீட்டினார்.

"சூடா வெச்சிரு."

5

முதல் பாதியில் முகம் சிவக்கச் சிவக்க ஓடினார். ஆஃப்சைடு கொடுத்ததும் கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்:

"யோவ் தபால்காரரே, அட்ரஸ் தப்பு!"

"நாளைக்கு உன் வீட்டுக்கு லெட்டர் கிடையாது போ!" திரும்பிப் பார்க்காமலே பதில் வந்தது.

எல்லாரும் சிரித்தார்கள். அல்மூட் சிரிக்கவில்லை. வழக்கமாக அவரைவிடச் சத்தமாக யாரும் கத்த முடியாது. அன்று கோட்டோரம் கட்டியிருந்த தடுப்புக் கயிற்றைப் பிடித்தபடி, பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை இரண்டு முறை பார்த்தார். (மூன்று முறையாகவும் இருக்கலாம். எனக்கு அடுப்பு வேலை.)

6

இடைவேளை. ஒன்றுக்கு ஒன்று.

முடிவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன. ஒன்று: அல்மூட் தொண்ணூறு நிமிடமும் பார்த்து ஜெயிக்கிறார். அதில் தவறே இல்லை. இரண்டு: நிஜ நடுவர் மூச்சிரைக்க வந்து சேர்கிறார். அதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மூன்று, நிஜமாக நடந்தது: அல்மூட் கயிற்றைத் தூக்கிக் குனிந்து, கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார். டெட்லெஃப் பெஞ்சில் தேநீர்க் கோப்பையுடன் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டாவது பாதியை நான் ஊதறேன். நீ போய் வெளியே நில்லு."

"பைத்தியமா உனக்கு? இன்னும் நாற்பத்தஞ்சு நிமிஷம் சும்மா நின்னா நீ ஜெயிச்சுடுவ. உள்ளே வந்தா ரெண்டு பேருக்குமே இது சேராது."

"சேரலேன்னா மறுபடி வரணும். அவ்வளவுதானே?"

"எதுக்கு இந்த வேலை?"

"பக்கத்துல நீ இல்லாம யாரோட சண்டை போடறது? நாற்பத்தஞ்சு நிமிஷம் வாயை மூடிட்டு நின்னேன்யா. பொறுக்க முடியலை."

டெட்லெஃப்

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அடுத்து என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு விசிலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. அந்த இடத்தில் உங்களை உட்கார வைக்கிறேன். ஆட்டக்காரர்கள் திரும்பி வருகிறார்கள். அல்மூட் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.)

"இங்கே அடுத்த ஆட்டம் ரெண்டு வாரம் கழிச்சு. என் வண்டியிலேயே வரலாம். என்னய்யா, குடுக்கறியா இல்லையா?"