வட்டைவிதானையின் முதலாம் ஆண்டு

அறுபத்தெட்டு வயதில் நான் மாணவனானேன். குற்றம் என்னுடையதல்ல. 'நீங்கள் மாணவரா?' என்று கேட்டு இணையத்தளம் ஒரு பெட்டியைக் காட்டியது. தபாலதிபராக முப்பத்தாறு வருடம் முத்திரை குத்திய கை, பெட்டியைக் கண்டால் சும்மா இருக்குமா? குத்திவிட்டேன்.

அந்தத் தளத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் என் தங்கையின் மகள் கஜானி. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் வணிகம் படிக்கிறாள். விடுதிச் சாப்பாடு பிடிக்காமல் செங்கலடியில் எங்களோடு தங்கியிருக்கிறாள். மாணவருக்கு முதலீடு சொல்லித்தரும் தளம் அது. தமிழிலேயே பாடங்கள், காணொளிகள், பாடத்துக்குப் பாடம் கேள்விகள். அவள் வளாகம் போனதும் நான் படிக்க உட்கார்ந்துவிடுவேன். கூட்டுவட்டிக் கணிப்பானிடம் மாதம் ஐயாயிரம் ரூபா, நூற்றிருபது வருடம் என்று கொடுத்துப் பார்த்தேன். அது காட்டிய தொகையில் வாவியை மீனோடு வாங்கி, மிச்சத்தில் கல்லடிப் பாலத்துக்குப் பொன்முலாம் பூசலாம். மனைவி ஆச்சிப்பிள்ளையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். முதலில் ஒரு தேங்காய் வாங்கிவரச் சொன்னாள்.

தளத்தில் ஒரு பொய்ச் சந்தையும் இருந்தது. ஆளுக்குப் பத்து இலட்சம் பொய் ரூபா தருவார்கள். பழைய பங்கு விலைகள், கம்பனிப் பெயர்கள் மறைக்கப்பட்டு, நாளுக்கு ஒரு கிழமை வேகத்தில், ஏழு நாள் விலை ஒரே நாளில் ஓடும். எட்டுக் கிழமை வாங்கி விற்று, சித்திரை வருடப்பிறப்பன்று மாலை ஆறு மணிக்கு முதலிடத்தில் நிற்கும் மாணவருக்குக் கொழும்பு நிறுவனம் ஒன்றில் மூன்று மாதப் பயிற்சி. ஒரேயோர் இடம். கஜானி அதற்காகத் தூக்கத்தைக்கூட விற்றிருப்பாள்.

"சும்மா விண்ணப்பம் போட்டா எங்களயெல்லாம் ஆரு கூப்பிடப்போறாங்க மாமா? வெண்டு போனா ஒருத்தரும் மறிக்கேலாது."

நானும் 'வட்டைவிதானை' என்ற பெயரில் இறங்கினேன். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று வட்டை எனும் வயல்வெளியில் தீர்ப்புச் சொல்லும் பதவி அது. என் தகப்பனாருக்குக் கிடைக்காமலே போனது. அறுவடை முடிந்து விலை விழுந்ததும் நெல்லை வாங்கி அடுக்குவார்களே, அதேபோல விழுந்து கிடந்த ஐந்து கம்பனிகளை முதல் நாளே வாங்கிப் போட்டேன். மறுநாள் கடவுச்சொல் மறந்துவிட்டது.

கஜானியோ காலையில் வாங்கி மாலையில் விற்றாள். ஒவ்வொரு தடவையும் தரகு கழிந்தது. ஆனாலும் முதலிடத்தில்தான் இருந்தாள். ஆறாம் கிழமை ஒரு மாலை வந்து பையைக் கதிரையில் எறிந்தாள்.

"ஆரோ வட்டைவிதானையாம் மாமா. ஒண்டும் செய்யிறானில்ல, கல்லு மாதிரிக் கிடக்கிறான். என்னத் தாண்டிட்டான். கையில கிடைச்சா வாவிக்குள்ள தாட்டுருவன்."

வாயிலிருந்த பிட்டு அங்கேயே நின்றது. எனக்கு நீந்தத் தெரியாது.

பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் கடவுச்சொல்லை எழுதிவைத்தது அப்போதுதான் நினைவு வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் பதினேழு இலட்சம். கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டேன். பிறகுதான் பிள்ளையின் முகம் ஞாபகம் வந்தது. கணக்கை மூடப் பார்த்தேன். மாணவர் அட்டையின் படத்தை அனுப்பு என்றது. ஆகவே தோற்பது என்று முடிவெடுத்தேன். ஏழாம் பாடம், தவிர்க்கவேண்டிய கம்பனிகள் பற்றியது. அதைச் சமையல் குறிப்புப்போலப் பக்கத்தில் வைத்து, எல்லா நோயும் உள்ள ஒரு கம்பனியைத் தேடிப்பிடித்து முழுப்பணத்தையும் கொட்டினேன். இரண்டாம் நாள் அதை ஒரு பெரிய கம்பனி வாங்கிவிட்டது; விலை பாய்ந்தது. இருபத்துமூன்று இலட்சம். விற்று, அதைவிடக் கேவலமானதை வாங்கினேன். அதுவும் ஏறியது. தோற்பதற்கு இவ்வளவு பாடுபட்ட மனிதன் இலங்கைச் சரித்திரத்திலேயே இல்லை.

வருடப்பிறப்பும் வந்துவிட்டது. அவளிடம் நேரே சொல்ல வாய் வரவில்லை. சுபநேரத்தில் வெற்றிலையில் நெல்லும் பூவும் வைத்து, ஐந்நூறு ரூபாத் தாளுக்குள் ஒரு துண்டை மடித்து, கைவிசேஷமாகக் கொடுத்தேன். 'வட்டைவிதானை நான்தான். கடவுச்சொல் இது. ஆறு மணிக்குள் எல்லாவற்றையும் விற்றுக் கண்டதையும் வாங்கி நாசமாக்கு.'

இரண்டு தரம் வாசித்தாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு எப்பவோ தெரியும்," என்றாள் ஆச்சிப்பிள்ளை. "இந்த வயசில ஆரு பகல்ல தல வாருற?"

கஜானி துண்டை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினாள். அவள் உதட்டோரம் ஆடியது.

"கைவிசேஷத்த அண்டைக்கே செலவழிக்கலாமா மாமா? சின்னனில ஐஸ்கிறீம் வாங்க ஓடினப்ப நீங்கதானே பறிச்சு வெச்ச நீங்க?"

என்னுடைய அவ்வளவு பெரிய மூளை இந்தச் சின்னச் சங்கதியை யோசிக்கவில்லை. பிறகு அவளே என்னை உட்காரவைத்து, போட்டி நடத்துகிறவர்களுக்குக் கடிதம் எழுதவைத்தாள். நான் மாணவனல்லன், ஓய்வுபெற்ற தபாலதிபர், இதோ அடையாள அட்டை. கொழும்பில் அன்று எல்லாக் கந்தோரும் பூட்டு, கடிதத்தைப் படிக்க ஆளில்லை. ஆறு மணிக்குப் பட்டியல் வந்தது: முதலாவது வட்டைவிதானை, இரண்டாவது கஜானி. மூன்றாவதாக நின்ற பெடியன் அவளுக்கு நாலாயிரம் ரூபா பின்னால்.

மூன்று நாள் வீட்டில் ஒருவரும் பலகாரம் தொடவில்லை. நான் தொட்டேன், கவலையில்.

நாலாம் நாள் பதில் வந்தது. என் கணக்கு நீக்கப்பட்டது; பயிற்சி கஜானிக்கு. அவள் துள்ளிய துள்ளலில் கூரை ஓடு இரண்டு இடம் மாறியது. அந்த நாலாயிரம் எப்படி மிஞ்சியது என்று பிறகு சொன்னாள்: வட்டைவிதானையைப் பார்த்து, கடைசி இரண்டு கிழமை அவளும் ஒன்றையும் விற்காமல், தரகும் கொடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாளாம்.

என்னை நீக்கிய கடிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். முதலாம் ஆண்டிலேயே துரத்தப்பட்ட அறுபத்தெட்டு வயது மாணவன் கிழக்கு மாகாணத்தில் வேறு யார்? துண்டை மட்டும் அவள் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டாள். கைவிசேஷத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. பழைய பஞ்சாங்கம் புதுவருடத்தோடு குப்பைக்குப் போய்விட்டது; கடவுச்சொல்லோ எனக்கு மறுபடியும் மறந்துவிட்டது.