கட்டுரைக்கு மேலே ஒரு பெயர்

ஸ்பானிஷ், போர்த்துகீசிய இலக்கிய ஆய்விதழ் ஒன்றுக்குப் பக்கம் அமைப்பது கஜாலினியின் வேலை. குவைத் அப்பாசியாவில் ஒரு சிறிய அலுவலகம். அந்த இரண்டு மொழிகளும் அவளுக்குத் தெரியாது. எழுத்துகளின் தலைக்கு மேல் வரும் குறி ஒன்றுகூட விடுபடாமல் பார்த்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

இந்த முறை ஒரு கட்டுரை பற்றி, இதழாசிரியர் இனெஸ் லிஸ்பனிலிருந்து தனியாக எழுதியிருந்தார். சிறைக்குள் எழுதப்பட்ட கவிதைகள் பற்றியது. கட்டுரையை எழுதிய பெண் இன்னும் அந்தச் சிறை உள்ள நாட்டில்தான் இருக்கிறார். புனைபெயர் மட்டும்தான் வரவேண்டும்.

திங்கள் காலை இதழ் இணையத்தில் ஏறியது. கஜாலினி சரிபார்க்கத் திறந்தாள். கட்டுரையில் புனைபெயர். ஆனால் திரையின் மேல் விளிம்பில் ஒரு பெண்ணின் முழுப்பெயர். எழுதியவரின் கணினி கோப்புக்குள் தானாகப் பதித்த பெயர். அதை அழிக்கக் கஜாலினி மறந்திருந்தாள்.

அவளுடைய பெரியண்ணனின் பெயரும் முன்பு ஊரில் போர் நடந்தபோது யாரோ ஒருவரின் பட்டியலில் இருந்தது. பிறகு அவன் வீடு திரும்பவில்லை.

முதலாளி கௌஸ் முகம்மது குரலைத் தாழ்த்தினார். "சத்தமில்லாம மாத்திடும்மா. லிஸ்பனுக்குச் சொன்னா இந்த இதழ் வேலையே போயிடும். உன் விசா அந்த அரபி ஸ்பான்சர், கஃபீல் கையில, மறந்துடாத."

"மாத்தினா மட்டும் காணாது, பாய். ஏற்கெனவே டவுன்லோட் பண்ணினவையிட்ட பழசு இருக்கும். அந்தப் பொம்பிளைக்குத் தெரியவேணும்."

அவர் பதில் சொல்லும் முன்பே அவள் இனெஸை அழைத்துவிட்டாள். நடந்ததை ஆங்கிலத்தில் சொன்னாள்.

"பதினேழு பேர் கோப்பை இறக்கியிருக்கிறார்கள்," என்றார் இனெஸ். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

இரண்டு நாள் எந்தச் செய்தியும் இல்லை. பக்கத்து அறைக் கதவை யாராவது தட்டினால்கூட கஜாலினி எழுந்து நின்றாள். "உன்னட்ட ஆர் வரப்போகினம்?" என்று கணவன் சுகிர்தன் கேட்டான். அவள் தாழ்ப்பாளை இன்னொரு தடவை பார்த்தாள்.

புதன்கிழமை இனெஸின் மின்னஞ்சல் வந்தது. அந்தப் பெண் செய்தி கிடைத்த திங்கள் மாலையே மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் எல்லை தாண்டிவிட்டார். செவ்வாய் காலை நான்கு பேர் அவர் வீட்டுக் கதவை உடைத்திருக்கிறார்கள்.

கஜாலினி அதை இரண்டு தடவை வாசித்தாள்.

அடுத்த இதழ் வேறு அலுவலகத்துக்குப் போனது. அவளை வைத்துக்கொள்வதா என்று கஃபீல் இன்னும் சொல்லவில்லை. அந்தத் தாயும் மகளும் எந்த ஊரில் இறங்கினார்கள் என்று இனெஸ் எழுதவில்லை. அவளும் கேட்கவில்லை.